குழந்தை காணும் சொல்லைச் சோதிப்போம்

(திருச்சிராப்பள்ளி கைலாசபுரத்தில் தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கூடிய பயிற்சி நாளில், கணினிப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைலாசபுரம் எனக்குப் புதிய இடம் இல்லை. நான் வளர்ந்த ஊர் இது. என் அப்பா இங்கே பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையில் வெல்டராக இருந்தார். செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் தொழில்நுட்ப உதவியோடு 1960-களில் தொடங்கிய ஆலை அது. ஊரில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, 'பெல்' என்றுதான் சொல்வோம்.

சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன், "நீங்க ஒட்டின குழாய் உடையாதுன்னு எப்படிப்பா தெரியும்?" என்று. அப்பா சொன்னார்: "தண்ணிய நிரப்பி, அது வேலை செய்யப் போற அழுத்தத்தப் போல ஒன்றரை மடங்கு ஏத்திப் பாப்போம். கசியலன்னாதான் வெளிய போகும். அதையும் ஒட்டினவனே பாத்துச் சரின்னு சொல்ல முடியாது. வேற ஆள் வந்து பாக்கணும்." நான் விடவில்லை. "அதே மாதிரி இன்னொரு குழாயில பாத்தாப் போதாதா?" என்றேன். அப்பா சிரித்துவிட்டு, "வேற குழாயில பாத்துட்டு இந்தக் குழாய எப்படிப்பா அனுப்புறது?" என்றார்.

அந்தக் கேள்விக்குச் சரியான பொருள் எனக்கு விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின. விளங்க வைத்தவர் ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

ஆய்வகத்தில் நடந்தது

எங்கள் பள்ளியில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய வினாடி வினா வலைத்தளம் எழுதினேன். பைத்தான் மொழியில் எழுதியது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் நாம் நடத்துகிற அதே பைத்தான்தான். தளம் என் மடிக்கணினியில் ஓடும். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் உள்ள கணினிகளில் பிள்ளைகள் உலாவியைத் திறந்து விடை எழுதுவார்கள். தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு மொழியிலும் தளம் வேலை செய்யும்.

பள்ளிக்குக் கொண்டு போகும் முன்பு முறையாகச் சோதித்தேன். நிரலின் ஒவ்வொரு சிறு பகுதியையும் தனித்தனியே எடுத்து, அது செய்ய வேண்டியதைச் செய்கிறதா என்று இன்னொரு நிரல் கொண்டு பார்ப்பதற்கு அலகுச் சோதனை என்று பெயர். பைத்தானோடு 'யூனிட்டெஸ்ட்' என்று அதற்கான கருவி கூடவே வருகிறது. 41 சோதனைகள் எழுதியிருந்தேன். 41-உம் தேறின. நிம்மதியாக உறங்கினேன்.

மறுநாள் ஆய்வகத்தில் நான் சொன்ன மாணவி அமர்ந்தார். வீட்டில் கணினி கிடையாது. சுட்டியைப் பிடிக்கப் பழகியே இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எட்டு வினாக்களுக்குச் சரியாக விடை சொல்லிவிட்டார். ஒன்பதாவது தவறிவிட்டது. அப்போது திரையில், 'பரவாயில்லை, இன்னொரு முறை முயன்று பார்' என்று வர வேண்டும். வரவில்லை. அதற்குப் பதிலாகச் சிவப்பு நிறத்தில், ஆங்கில எழுத்தில், இடையிடையே கீழ்க்கோடு போட்ட ஏதோ ஒரு சொல் வந்தது. அது மனிதர் படிக்க வேண்டிய சொல்லே இல்லை. நிரல் தனக்குள் வைத்துக்கொள்ளும் அடையாளம்.

அந்தப் பிள்ளை சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்து மெதுவாக, "நான் ஏதாச்சும் கெடுத்துட்டேனா சார்?" என்று கேட்டார்.

"இல்லம்மா, தப்பு என்னோடது" என்றேன். ஆனால் அடுத்த வாரம் அவர் தன் தோழியை விசைப்பலகை முன் அமர வைத்துவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் 41 சோதனைகளில் ஒன்றுகூட இதை எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தேடினேன்.

சொற்கோப்பு என்றால் என்ன?

ஒரு தளம் பல மொழிகளில் பேச வேண்டுமென்றால், திரையில் வரும் சொற்களை நிரலுக்குள் எழுதக் கூடாது. தனிக் கோப்பில் எழுத வேண்டும். தமிழுக்கு ஒரு கோப்பு, ஆங்கிலத்துக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு தொடருக்கும் ஒரு அடையாளப் பெயர் இருக்கும். 'வரவேற்பு' என்ற அடையாளத்துக்குத் தமிழ்க் கோப்பில் 'வணக்கம்' என்றும், ஆங்கிலக் கோப்பில் அதற்குரிய சொல்லும் இருக்கும். நிரல் அடையாளத்தை மட்டும் அறியும். பிள்ளை எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தாரோ அந்த மொழிக் கோப்பைத் திறந்து, அடையாளத்துக்கு நேரே உள்ள தொடரை எடுத்துத் திரையில் போடும். இந்தக் கோப்பை நான் சொற்கோப்பு என்று அழைக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபிஸ் போன்றவை தமிழில் பேசுவதும் இப்படித்தான். தன்னார்வலர்கள் நிரலைத் தொடாமலே சொற்கோப்பை மட்டும் தமிழாக்கித் தந்திருக்கிறார்கள்.

சொற்கோப்பு சரியாக ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பாமினியிலோ வானவில்லிலோ வினாத்தாளைத் தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போய்த் திறந்திருப்பீர்கள். அந்தக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டால் வினாத்தாள் முழுக்க ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். வினா மாறவில்லை. ஆனால் படிக்கிறவருக்கு வினாவே இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கு ஒரு வழி காட்டியது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. இன்று எழுத்துருச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆனால் வேண்டிய சொல் வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்ததா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

நானே கேள்வி, நானே பதில்

என் தவறு எளியது. தமிழ்ச் சொற்கோப்பில் ஓர் அடையாளப் பெயரை ஓர் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தேன். நிரல் தேடியது, கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் அடையாளத்தையே திரையில் காட்டு என்று நான்தான் எழுதி வைத்திருந்தேன். காட்டிவிட்டது.

சோதனையில் இது ஏன் பிடிபடவில்லை? சோதனை ஓடும்போது சொற்கோப்பைத் திறப்பது தொல்லை என்று நினைத்து, அதன் இடத்தில் ஒரு போலிச் செயற்கூறை வைத்திருந்தேன். எந்த அடையாளத்தைக் கொடுத்தாலும் அதையே திருப்பித் தரும் செயற்கூறு அது. சோதனை என்ன கேட்டது? 'தவறான விடைக்கு இந்த அடையாளம் வருகிறதா?' என்று. வந்தது. தேறியது. நானே கேள்வி கேட்டு, விடையை நானே அதன் கையில் கொடுத்து, நூற்றுக்கு நூறு என்று மதிப்பெண்ணும் போட்டுக்கொண்டேன். அப்பா சொன்னது போல, வேறு குழாயில் பார்த்துவிட்டு இந்தக் குழாயை அனுப்பியிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போலி வைப்பது எப்போதும் தவறன்று. மதிப்பெண் கூட்டல் சரியா என்று பார்க்கும் சோதனைக்குத் தமிழ்த் தொடர் தேவையில்லை. அங்கே போலி இருந்தால் சோதனை விரைவாக ஓடும். ஆனால் பிள்ளை என்ன படிப்பார் என்பதைப் பார்க்கும் சோதனையில், பிள்ளை படிக்கும் அதே கோப்புதான் ஏற வேண்டும்.

உண்மைக் கோப்பு ஏறியபோது

போலியை எடுத்துவிட்டு உண்மையான சொற்கோப்பை ஏற்ற முயன்றேன். மூன்று தடைகள் வந்தன. கணினி நடத்தும் ஆசிரியர்களுக்கு இவை பயன்படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் தடை, கோப்பு இருக்கும் இடம். தளம் ஓடும்போது கோப்பைக் கண்டுபிடித்த நிரல், சோதனை ஓடும்போது 'கோப்பு இல்லை' என்றது. காரணம், கோப்பின் வழியை 'இப்போது நிற்கும் கோப்புறையிலிருந்து' என்று எழுதியிருந்தேன். சோதனையை நான் வேறொரு கோப்புறையில் நின்றுகொண்டு ஓட்டினேன். 'இங்கிருந்து இரண்டாவது வீடு' என்று முகவரி சொன்னால், சொல்கிறவர் இடம் மாறினால் வீடும் மாறிவிடும் அல்லவா? நிரல்கோப்பு எங்கே இருக்கிறதோ, அந்த இடத்திலிருந்து வழியைக் கணக்கிடும்படி மாற்றினேன். எங்கே நின்று ஓட்டினாலும் இப்போது கிடைக்கிறது.

இரண்டாவது தடை, கோப்பைப் படிக்கும் முறை. என் மடிக்கணினியில் லினக்ஸ். அங்கே எல்லாச் சோதனைகளும் ஓடின. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஆய்வகத்தின் விண்டோஸ் கணினியில் ஓட்டினார். "சார், முதல் வரியிலேயே நிக்குது" என்றார். பார்த்தோம். தமிழ்க் கோப்பு யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டது. அந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் பிடிக்கும். எந்த முறையில் படிக்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், அந்த விண்டோஸ் கணினியில் பைத்தான் 1252 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துப் பட்டியலைக் கொண்டு படிக்கப் பார்க்கும். புள்ளிக்குரிய மூன்றாவது பைட்டுக்கு அந்தப் பட்டியலில் எழுத்தே கிடையாது. 'வணக்கம்' என்ற சொல்லில் முதல் புள்ளி வந்தவுடன் நிரல் நின்றுவிட்டது. தமிழில் புள்ளியே இல்லாமல் எத்தனை தொடர் எழுதிவிட முடியும்?

கோப்பைத் திறக்கும் இடத்தில் 'யூடிஎஃப்-8 முறையில் படி' என்று ஒரு சொல் சேர்த்தோம். தீர்ந்தது. இது பைத்தானுக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. ஜாவாவில் இவ்வகைச் சொற்கோப்புகளை 2017-இல் வந்த 9-ஆம் பதிப்புக்கு முன்புவரை மேற்கு ஐரோப்பிய முறையிலேயே படிப்பார்கள். தமிழில் எழுத வேண்டுமென்றால் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாக மாற்றி எழுத வேண்டியிருந்தது.

மூன்றாவது தடைதான் பெரியது. ஏனென்றால் அது தடையாகவே தெரியாது. பல கருவிகள் தமிழ்க் கோப்பு கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் ஆங்கிலத்தைக் காட்டிவிடும். 'கெட்டெக்ஸ்ட்' என்ற பழைய, பெயர்பெற்ற கருவி பைத்தானிலும் உண்டு. அதில் 'கிடைக்காவிட்டால் மூலச் சொல்லையே காட்டு' என்று நாம் அனுமதித்தால், கோப்பே இல்லாவிட்டாலும் பிழை சொல்லாது. அனுமதிக்காவிட்டால் 'கோப்பு இல்லை' என்று நின்றுவிடும். ஜாவாவும் கேட்ட மொழி இல்லாவிட்டால் கணினியின் இயல்பு மொழிக்குப் போய்விடும். எழுதியவரின் கணினி இயல்பாகவே தமிழில் இருந்தால் அங்கே எல்லாம் சரியாகத் தெரியும். பிள்ளையின் கணினியில் தெரியாது.

பிள்ளை பயன்படுத்தும் தளத்தில் மாற்றுச் சொல் காட்டுவது நல்லதுதான். வெற்றுத் திரையைவிட ஆங்கிலச் சொல் மேல். ஆனால் சோதனையில் அந்தச் சலுகை கூடாது. நான் வைத்துக்கொண்ட விதி இதுதான்: தளம் சமாளிக்கலாம், சோதனை சமாளிக்கக் கூடாது. சொல் இல்லையென்றால், இந்தக் கோப்பில் இந்த அடையாளத்துக்குச் சொல் இல்லை என்று பெயர் சொல்லி நிற்க வேண்டும்.

மூன்றையும் சரிசெய்து ஓட்டினேன். 41-இல் 6 சோதனைகள் தவறின. எழுத்துப் பிழை உள்ள அடையாளங்கள் மேலும் இரண்டு கிடைத்தன. நான்கு தொடர்கள் தமிழில் எழுதப்படவே இல்லை. அன்று அந்தப் பிள்ளை ஒன்பதாவது வினாவில் கண்டதை, வேறு பிள்ளைகள் வேறு இடங்களில் கண்டிருப்பார்கள்.

தமிழம்மாவின் சிவப்புப் பேனா

இப்போது சொற்கோப்பு முழுமையாக ஏறுகிறது. ஆனால் ஏறுகிற சொல் சரியான சொல்லா? ஒட்டினவனே பார்த்துச் சரி சொல்ல முடியாதே. கோப்பை அச்செடுத்து எங்கள் பள்ளித் தமிழம்மாவிடம் கொடுத்தேன். "நிரல் எல்லாம் எனக்குத் தெரியாது சார்" என்றார். "இதில் நிரல் இல்லம்மா, தமிழ் மட்டும்தான்" என்றேன். மறுநாள் தாள் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தது.

ஒரு தொடரில் பெயர் வர வேண்டிய இடத்தை வெற்றாக விட்டு, அதை ஒட்டி 'க்கு' என்று போட்டிருந்தேன். ஆங்கிலத்தில் அப்படிச் செய்யலாம். அங்கே வேற்றுமையைக் காட்டும் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும், பெயர் மாறாது. தமிழில்? தமிழம்மா தாளின் ஓரத்தில் எங்கள் வகுப்புப் பெயர்களையே எழுதிக் காட்டியிருந்தார். தேவிக்கு, மேரிக்கு என்று வரும்போது சரி. மாலா வந்தால் மாலாக்கு என்று நிற்கும். மாலாவுக்கு என்று வர வேண்டும். கண்ணன் கண்ணனுக்கு ஆக வேண்டும். செல்வம் செல்வத்துக்கு ஆக வேண்டும். யூசுப் யூசுப்புக்கு ஆக வேண்டும். "புணர்ச்சி விதியை எட்டாம் வகுப்பில் நடத்துறேன், உங்க கணினிக்கு யார் நடத்துவாங்க?" என்று கேட்டார்.

புணர்ச்சி முழுவதையும் நிரலாக எழுதுவது பெரிய வேலை. அவரே எளிய வழியும் சொன்னார்: பெயரோடு உருபு ஒட்டாதபடி தொடரை மாற்றுங்கள். 'மாலா, நீ பெற்ற மதிப்பெண் 8' என்று எழுதினால் எந்தப் பெயருக்கும் பொருந்தும். மாற்றினேன். கூடவே ஒரு சோதனையும் எழுதினேன். வெற்றிடத்தை ஒட்டி உருபு எதுவும் தமிழ்க் கோப்பில் வரக் கூடாது என்பது அந்தச் சோதனை.

பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவரும் பார்த்தார். 'உள்ளீடு செல்லுபடியாகாது' என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "சார், இது பிள்ளைக்கா, வங்கிக்கா?" என்றார். இப்போது அங்கே 'எண் மட்டும் எழுது' என்று இருக்கிறது.

ஒரே கொக்கு, இரண்டு எழுத்துமுறை

இன்னொன்றும் உண்மைக் கோப்பை ஏற்றியதால்தான் வெளிப்பட்டது. விடைகளையும் சொற்கோப்பில்தான் வைத்திருந்தேன். 'கொக்கு' என்பது ஒரு வினாவுக்கு விடை. சில பிள்ளைகள் கொக்கு என்று சரியாக எழுதியும் தவறு என்று வந்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

'கொ' என்பதை எழுதப் பழக்கும்போது ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று சொல்லித் தருகிறோம். யூனிகோடில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி என்று ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று தனித்தனியாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு. எந்த விசைப்பலகை முறையில் தட்டினோம் என்பதைப் பொறுத்து எது சேமிக்கப்படும் என்பது மாறலாம். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வழியை யூனிகோடே வகுத்திருக்கிறது. பைத்தானில் அதற்குச் செயற்கூறும் உண்டு. பிள்ளையின் விடையையும் கோப்பில் உள்ள விடையையும் அந்த வடிவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். போலிச் சொற்களை வைத்துச் சோதித்திருந்தால் இது எந்நாளும் தெரிந்திருக்காது. சரியாக எழுதிய பிள்ளைக்குத் தவறு என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்போம்.

நாங்கள் கடைப்பிடிப்பவை

இப்போது தளத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் இந்தச் சோதனைகள் ஓடிய பிறகே ஆய்வகத்துக்குப் போகும்:

1. தமிழ், ஆங்கிலக் கோப்புகள் இரண்டும் உண்மையாகவே திறக்கின்றனவா? லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் பார்க்க வேண்டும்.

2. இரண்டு கோப்புகளிலும் அடையாளப் பெயர்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா? ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதவை எவை?

3. எந்தத் தொடராவது வெறுமையாக இருக்கிறதா? தமிழ்க் கோப்பில் தமிழ் எழுத்தே இல்லாத தொடர் உண்டா? யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருப்பதால், இதைச் சில வரிகளில் எழுதிவிடலாம்.

4. பெயர், மதிப்பெண் போன்றவற்றுக்கு விட்ட வெற்றிடங்கள் இரண்டு மொழியிலும் சமமா? வெற்றிடத்தோடு உருபு ஒட்டியிருக்கிறதா?

5. தமிழ்த் தொடர்கள் எல்லாம் ஒரே யூனிகோடு வடிவில் இருக்கின்றனவா?

ஒன்றைச் செய்யாமல் விட்டிருக்கிறோம். தமிழ்த் தொடரை அப்படியே சோதனைக்குள் நகலெடுத்து, 'இதே தொடர் வருகிறதா' என்று பார்ப்பதில்லை. அப்படிச் செய்தால் தமிழம்மா ஒரு சொல்லைத் திருத்தும்போதெல்லாம் சோதனை தவறும். நாளடைவில், சோதனை தவறுமே என்று அஞ்சி யாரும் தமிழைத் திருத்த மாட்டார்கள். ஆகவே எதிர்பார்க்கும் தொடரையும் அந்தக் கோப்பிலிருந்தே எடுத்து ஒப்பிடுகிறோம். தொடர் அழகாக இருக்கிறதா என்பதை மனிதர் பார்க்கட்டும். தொடர் போய்ச் சேர்கிறதா என்பதைச் சோதனை பார்க்கட்டும்.

இதை நேரில் காண விரும்புவோர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. 2017-இல் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத நம் ஆசிரியர்கள் பலர் பயிற்சி பெற்றார்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளிலும் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சொற்கோப்பு இருக்கிறது. அதில் 'க்யூ க்யூ எக்ஸ்' என்று ஒரு பொய் மொழியும் உண்டு. பக்க முகவரியில் மொழியின் இடத்தில் அந்த மூன்றெழுத்தைக் கொடுத்தால், பொத்தான்களிலும் பட்டிகளிலும் சொற்களுக்குப் பதிலாக அடையாளப் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் தெரியும். எந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று மொழிபெயர்ப்பாளர் அறிய வைத்த ஏற்பாடு அது. உங்கள் மாணவர்களுக்குக் காட்டிப் பாருங்கள். அன்று அந்தப் பிள்ளை கண்டது இதுபோன்ற ஒரு திரையைத்தான். நமக்கு அது வேடிக்கை. அவருக்கு அது அச்சம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

கணினி நடத்தாத ஆசிரியர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டமைக்கு நன்றி. இதில் உங்களுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். முதன்மையான வேலையே உங்களுடையதுதான். பள்ளிக்கு வரும் எந்தச் செயலியையும் பிள்ளைக்குக் கொடுக்கும் முன்பு, தமிழில் வைத்து, தவறான விடைகளையே கொடுத்து ஒரு முறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். சரியான விடைக்கு வரும் பாராட்டை எழுதியவர் நூறு முறை பார்த்திருப்பார். தவறுக்கு வரும் சொல்லைத்தான் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தட்டுத்தடுமாறும் பிள்ளை படிக்கப் போவதோ அந்தச் சொல்லைத்தான்.

வினாத்தாளுக்கும் இது பொருந்தும். வினாத்தாளை ஆசிரியர் அறையில் நாம் படிக்கும்போது விடுபட்டதை நம் மனமே நிரப்பிக்கொள்ளும். அது நான் வைத்த போலிச் செயற்கூறு போன்றது. வேறொருவர், முடிந்தால் அந்தப் பாடம் நடத்தாதவர், படித்துப் பார்க்கட்டும்.

கடைசியாக அந்த மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். திருத்திய தளத்தை ஆய்வகத்தில் திறந்த அன்று, அவரையே முதலில் அழைத்தேன். தயங்கித்தான் வந்தார். "நீ வேணும்னே தப்பா எழுதும்மா. என்ன வருதுன்னு எனக்குப் படிச்சுச் சொல்லு. அதுதான் உன் வேலை" என்றேன். முதல் தவறுக்கு வந்ததைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். அப்புறம் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஒன்பது வினாக்கள் முடிந்த பிறகு நிறுத்தி, "சார், இங்க தப்பு இருக்கு" என்றார்.

போய்ப் பார்த்தேன். '1 கேள்விகள் மீதம் உள்ளன' என்று திரையில் இருந்தது.

"ஒரு கேள்விதானே சார் இருக்கு, கேள்விகள்னு போட்டிருக்கு" என்றார்.

என் சோதனைகள் எல்லாம் தேறியிருந்தன. ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனித் தொடர் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. எண்ணை 1 என்றும் 2 என்றும் கொடுத்துப் பார்க்கும் சோதனையை அன்று மாலையே சேர்த்தேன். அந்தச் சோதனைக்கு மேலே, இதைக் கண்டுபிடித்தவர் ஏழாம் வகுப்பு மாணவி என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பிழை தன்னுடையது அல்ல, கணினியும் தவறு செய்யும், அதைத் தன்னால் சுட்டிக் காட்ட முடியும் என்று தெரிந்துகொண்டார். என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "சரியான குழாயில பாத்திருக்க" என்றார்.